94 கி.மீ. வேகம் எனப் பதிவான இ-சலான்: கட்டுவதா, வழக்காடுவதா என முடிவெடுக்க ஆவணங்கள் கோரும் மனு

நாள்: 04.09.2025

அனுப்புநர்:
லோடு பிக்கப் வண்டியின் உரிமையாளரும் ஓட்டுநரும்
(பெயர், முகவரி, வண்டி எண் தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு காவல் துணை ஆணையர் அவர்கள்,
மாநகரப் போக்குவரத்துக் காவல்

பொருள்: 06.08.2025 அன்று அதிவேகம் எனப் பதிவான இ-சலானுக்கு ஆதார ஆவணங்கள் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காய்கறி மண்டிக்குச் சரக்கு ஏற்றும் சொந்த வண்டியைப் பதினொரு வருடமாக நானே ஓட்டி வருகிறேன். இந்த ஆண்டு அதிவேகத்துக்காக எனக்கு இரண்டு சலான் வந்திருக்கின்றன. முதலாவது ஜூலையில் வந்தது. 50 என்று பலகை இருக்கும் சாலையில் 63-இல் போயிருக்கிறேன். அன்று காலி வண்டி, வீட்டுக்குத் திரும்பும் அவசரம். தப்பு என்னுடையது. செய்தி வந்த இரவே 1,000 ரூபாய் கட்டிவிட்டேன், ரசீது இணைத்துள்ளேன். சலான் வந்தாலே சண்டைக்கு நிற்கிறவன் என்று தாங்கள் என்னை நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

இரண்டாவது சலான்தான் என்னால் ஏற்க முடியாதது. ஆகஸ்ட் 6 விடியற்காலை 5.18-க்குப் புறவழிச்சாலை மேம்பால இறக்கத்தில் என் வண்டி 94 கி.மீ. வேகத்தில் போனதாக அது சொல்கிறது. அன்று வண்டியில் வெங்காய மூட்டை. எடை மேடைச் சீட்டில் மொத்த எடை 2,790 கிலோ, நேரம் 5.12. எடை மேடையிலிருந்து அந்த இறக்கத்துக்கு நான்கு கிலோமீட்டர். ஆறு நிமிடத்தில் நான்கு கிலோமீட்டர் என்றால் சராசரி 40. சராசரி 40 என்பதால் நடுவில் ஒருமுறைகூட 94-ஐத் தொட்டிருக்க முடியாது என்று ஆகிவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் வண்டியில் 80-க்கு மேல் போகவிடாத ஸ்பீடு கவர்னர் பூட்டி, அதைக் காட்டித்தான் போன மார்ச்சில் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வாங்கினேன். அரசே சரிபார்த்துக் கொடுத்த அந்தச் சான்று ஒரு வேகம் சொல்கிறது, வேகத்தை ராடாரில் அளக்கும் அரசின் ஸ்பீடு கன் இன்னொரு வேகம் சொல்கிறது. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும்.

சலானில் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வண்டிக்கு வலப்பக்கம், பாதி உடல் முன்னே தள்ளி, ஓர் ஆம்னி பஸ் போகிறது. ராடார் கற்றை தூரம் போகப் போக அகலும். பெரிய தகடுள்ள வண்டியிலிருந்துதான் எதிரலை பலமாகத் திரும்பும். அந்த 94 பஸ்ஸின் வேகமா என்னுடையதா என்பதை ஒரே ஒரு படத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. தங்களிடம் முழுப் பதிவு இருக்கும்.

சலான்களை இணையத்திலேயே முடிக்கும் மெய்நிகர் நீதிமன்றப் பக்கத்தில் இரண்டே வழிதான் காட்டுகிறார்கள்: கட்டு, அல்லது வழக்காடு. உறவில் ஒரு வக்கீல் அண்ணன் இருக்கிறார். "ஆயிரம் ரூபாய்க்குக் கோர்ட் படியேறாதே தம்பி, கட்டிட்டு வேலையைப் பார்" என்றார். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஒருநாள் நீதிமன்றம் போனால் அன்றைய வாடகை போய்விடும், மண்டிக்காரர் வேறு வண்டி பிடித்துவிடுவார், வாய்தா விழுந்தால் இன்னொரு நாளும் போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது என் தொழிலுக்கே எழுதிவைத்தது போல இருக்கிறது. ஆனால் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். அதிவேகத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஒரே ஆண்டில் இரண்டாவது அதிவேகப் பதிவு என்று யாராவது கோப்பை எடுத்தால், என் பிழைப்பே அந்த அட்டையில்தான் இருக்கிறது. வண்டி டியூ இன்னும் பதினான்கு மாதம் பாக்கி.

எனவே கட்டுவதா வழக்காடுவதா என்று முடிவெடுக்கும் முன் சில தாள்களைப் பார்க்க விரும்புகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த விதி 167ஏ, இத்தகைய கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும் என்கிறது. கண்காணிப்பு இருப்பதை முன்கூட்டியே அறிவிக்கும் பலகை வேண்டும் என்றும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. எனக்குக் குறுஞ்செய்தி வந்தது ஆகஸ்ட் 29, அதாவது 23-ஆம் நாள். பலகையைத் தேடி அந்த இறக்கத்தில் பகலில் இரண்டு முறை போய்வந்தேன். ஒரு பாத்திரக்கடை விளம்பரம் இருக்கிறது, கேமரா பற்றிய பலகை என் கண்ணில் படவில்லை. மரத்துக்குப் பின்னால் இருந்தால் காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்று. மண்டியில் தராசுக்கு முத்திரை இல்லையென்றால் சட்டமுறை எடையளவு அதிகாரி வந்து வழக்குப் போடுவார். நான் ஏறி நிற்கும் எடை மேடைக்கும் முத்திரை உண்டு. ராடார் வேகக் கருவிகளும் 2025 ஜூலை 1 முதல் அதே போலச் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. என் படம் எடுக்கப்பட்டது அதற்கு ஒரு மாதம் கழித்து. வெங்காயத்தை நிறுக்கும் தராசிடம் கேட்கிற முத்திரையை என் வேகத்தை அளந்த கருவியிடமும் கேட்கிறேன்.

ஆகவே அன்றைய முழுப் பதிவு, கருவியின் ஒப்புதல் சான்று, முத்திரைச் சான்று, மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4) கேட்கும் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை எனக்குத் தந்து, அதுவரை இந்தச் சலான் மீதான மேல்நடவடிக்கையை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நகலுக்கான கட்டணத்தைச் செலுத்தத் தயார். 94 என்னுடையதுதான் என்று அந்தப் பதிவில் தெரிந்தால் அன்றே கட்டிவிடுகிறேன். பஸ்ஸுடையது என்றால் சலானை ரத்து செய்து, என் பதிவிலிருந்தும் நீக்கித்தர வேண்டும்.

நேரில் விசாரிக்க அழைத்தால் காலை 11 மணிக்கு மேல் எந்த நாளும் வருகிறேன். அதற்கு முன் மண்டியில் சரக்கு இறக்கிக்கொண்டிருப்பேன், போன் எடுக்க முடியாது.

எடைச் சீட்டு, எஃப்.சி. சான்று, ஸ்பீடு கவர்னர் சான்று, ஜூலை ரசீது, இரண்டு சலான்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)