பானைக்கு வயது சொன்ன கரித்துண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழடி பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தவறாமல் படித்து, வகுப்பிலும் வாசித்துக் காட்டும் வேதியியல் ஆசிரியை நான். அச்செய்திகளில் ஆண்டு எண் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

சென்ற பருவத்தில் மேல்நிலை வகுப்பு மாணவியரைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கறுப்பு சிவப்புப் பானை ஒன்றின் முன் நின்ற மாணவி, "பானையைப் பார்த்தே 2,600 வயசுன்னு எப்படி டீச்சர் சொல்றாங்க?" என்று கேட்டாள். வயதறியப் பானையை யாரும் சோதிக்கவில்லை என்றதும் அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரி அமெரிக்காவின் மயாமியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, கிமு 580ஐச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டது. அதே மண்ணடுக்கில் உடன் கிடக்கும் பொருள்களுக்கு அந்தக் காலத்தைப் பொருத்திப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இதை விளக்க ஆய்வகம் தேவையில்லை, அடுப்புக்கரி போதும். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். பட்டுப்போனதும் வரவு நின்று, இருப்பது மட்டும் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் கரையும். 2,600 ஆண்டுகளில் நூற்றில் ஏறத்தாழ 73 பங்கு மிஞ்சியிருக்கும். ஆகவே அந்தக் கரி, மரத்தின் திசு உயிர்விட்ட காலத்தைச் சொல்லுமேயன்றி, அதை எரித்த நாளைச் சொல்லாது. பழைய உத்தரத்தைப் பிளந்து அடுப்பில் வைத்திருந்தால் அடுப்பு எரிந்த காலத்தைவிடப் பழைய காலத்தைக் கணக்கு காட்டிவிடும்.

செய்தித்தாள்கள் பெரும்பாலும் தொடாத இன்னொன்றும் உண்டு. காற்றில் உள்ள கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை என்பதால், மர வளையங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் கணக்கைத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தக் கோடு கிமு 800 முதல் 400 வரை கிட்டத்தட்ட மட்டமாகக் கிடக்கிறது, அதாவது அந்த நானூறு ஆண்டுகளில் வெவ்வேறு காலத்து மாதிரிகளும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும். நம் கீழடி மாதிரியின் காலம் அந்தப் பரப்புக்குள்தான் விழுகிறது. ஆகவே, அக்காலத்து மாதிரிக்கு நேர்மையான விடை ஒற்றை ஆண்டாக இராது, பல நூற்றாண்டு அகலமுள்ள ஒரு வரம்பாகவே இருக்கும். கீழடியின் பழமையைக் குறைக்க இதை எழுதவில்லை. எண்ணை மட்டும் கொடுத்தால், அதை நம்புவதும் மறுப்பதும் அவரவர் கட்சிச் சார்பாகிவிடுகிறது. டீக்கடைப் பேச்சில் அதைத்தான் கேட்கிறேன்.

கல்லையும் செம்பையும் கார்பன் சோதனைக்கு அனுப்பியதாக வரும் செய்திகளைப் பற்றி என்ன சொல்வது! கரிமம் இல்லாத பொருளில் இச்சோதனைக்கு வேலையே இல்லை.

அடுத்த அகழாய்வு அறிக்கை வரும்போது, சோதிக்கப்பட்ட பொருள் எது, எந்த ஆழத்தில் கிடைத்தது, காலத்தின் மேல்வரம்பு, கீழ்வரம்பு என்ன என்ற விவரங்களைச் செய்தியின் ஓரத்தில் சிறு பெட்டியாக வெளியிட வேண்டுகிறேன். சொற்களுக்கும் பஞ்சமில்லை, கார்பன்-14 பாதியாகக் கரையும் காலத்துக்குப் பள்ளிப் பாடநூலில் உள்ள 'அரை ஆயுட்காலம்' என்பதையே எடுத்தாளலாம், என் மாணவியருக்கு அது புரிகிறது.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை,
மதுரை.