சண்முகத்துக்கு, 'ரீல் இன்' பற்றி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. முட்டிவலி குறைந்து மறுபடி காலையில் நடக்கக் கிளம்பிவிட்டாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு மதுரைக்கு மாற்றல் ஆகிவிட்டது. சாமான் ஏற்றி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சரி, 'ரீல் இன்' (சுற்றி இழுப்பது) என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று உன் பேரன் கேட்டானே, அதற்கு வருகிறேன். 'ரீல் இன்' மீன்பிடிக்கிறவர்கள் பேச்சுதான். ஆனால் 'ரீல்' அவர்கள் சொத்து இல்லை, உன் சொத்து. மில்லில் ரீலிங் பிரிவில் நூலைச் சுற்றிச் சிட்டம் போட்டே காலம் தள்ளினவன் நீ. பழைய ஆங்கிலத்திலும் ரீல் என்றால் நூல் சுற்றுகிற கருவிதான். தூண்டில்காரர்கள் எத்தனையோ நூற்றாண்டு கழித்துத்தான் அதை எடுத்துக்கொண்டார்கள்.

1651-ல் தாமஸ் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் தூண்டில் போடுவது பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதில் ஒருவன் 12 அடிக் கழியோடு வருகிறான். கழியின் அடிப்பக்கத்தில் துளை போட்டு ஓர் உருளையைப் பொருத்தியிருக்கிறான். எதற்கு? தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொள்ள, வேண்டும்போது தளர்த்திவிட. பார்க்கர் அதை ரீல் என்று சொல்லவில்லை, 'விண்ட்' (சுற்றுவது) என்கிறார். சீனாக்காரர்கள் இதிலும் முந்திக்கொண்டார்கள். மா யுவான் என்ற ஓவியர் 1195 வாக்கில் வரைந்த குளிர்கால ஏரி ஓவியத்திலேயே, படகில் தனியாகக் குந்தியிருப்பவனின் தூண்டிலில் ரீல் இருக்கிறது.

உனக்குப் பிடித்த சங்கதி இனிமேல்தான். இன்று கடைகளில் விற்கிற ஸ்பின்னிங் ரீல் என்ற தூண்டில் ரீலின் முன்னோடிக்கு 1905-ல் காப்புரிமை வாங்கியவர் ஹோல்டன் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஊர் மில் முதலாளி! நூல் பாபினைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்பார்கள். அதில் உருளை சுழலாது, அதைச் சுற்றிக் கம்பிதான் ஓடும்.

'ரீல் இன்' என்றதும் சரசரவென்று சுற்றி மீனை இழுப்பது என்றுதான் நினைப்போம். பெரிய மீன் மாட்டினால் அது நடக்காது. மீன் ஓடும்போது சுற்றினால் நரம்பு முறுக்கிக்கொள்ளும், இல்லை அறுந்துபோகும். ஓட விட வேண்டும். அது களைத்ததும் கழியை மெல்ல மேலே தூக்கி மீனைக் கிட்டே வரவைத்து, கழியைத் தாழ்த்துகிற அந்த நேரத்தில் தொய்வை மட்டும் சுற்றிக்கொள்ள வேண்டும். மறுபடி தூக்கு, தாழ்த்து, சுற்று. அதனால்தான் வாடிக்கையாளரை ஆசை காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்குள் கொண்டுவருவதற்கு இந்தச் சொல் அவ்வளவு பொருத்தம். நம் ஊரில் ரீல் விடுகிறவர்களுக்குத்தான் பஞ்சமில்லை, அது வேறு கதை.

பேரனுடைய மேனேஜர் செலவை 'ரீல் இன்' பண்ணச் சொல்லி மெயில் போட்டாராமே, அங்கே 'ரெயின் இன்' என்பதுதான் பொருந்தும். அது குதிரைக் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பது. ஒலி கொஞ்சம் ஒத்திருப்பதால் ஆங்கிலேயர்களே இரண்டையும் குழப்புகிறார்கள். அவன் பதிலில் சரியாக எழுதட்டும், மேனேஜரைத் திருத்தப் போக வேண்டாம். இன்கிரிமெண்ட் மாதம்.

அப்புறம், ஐப்பசியில் வருவதாகச் சொன்னாயே, தேதி போட்டு எழுது. டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
ராமு