மான் லீஸ் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, வராதவர்களே (உங்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வந்து சேரும்), அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜூன் முதல் 2025 மே வரை நம் குழு செய்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். உறுப்பினர் பதிவேட்டில் பதினொரு பேர். இன்றைய வருகை ஆறு.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஜூலை 8 அன்று பெரில் புயல் ஹூஸ்டனைப் புரட்டிப்போட்டுப் பலர் வீட்டில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாததால் ஜூலைக் கூட்டம் நடக்கவில்லை. டெக்ஸஸின் கொலராடோ கவுண்டியில் மான் வேட்டைக்காக நாம் எடுத்திருக்கும் 620 ஏக்கருக்கான லீஸ் (குத்தகை) புதுப்பிக்கப்பட்டது. வாடகை சற்று கூடியிருக்கிறது. (இன்னும் சில உறுப்பினர்களின் வீட்டில், நாம் கொலராடோ மாநிலத்துக்குப் போய் வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டி தாண்டி ஐ-10இல் மேற்கே ஒரு மணி நேரம்தான். ‘தூரம்’ என்ற காரணத்தை இனி யாரும் சொல்ல வேண்டாம்.) புதிய உறுப்பினர் இருவரும் ஹண்டர் எஜுகேஷன் (வேட்டைக்காரர்களுக்கான பயிற்சி வகுப்பு) முடித்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். பொங்கல் பிக்னிக் நடந்தது. மான்கறி சுக்கா போதவில்லை என்ற புகார் பதிவுசெய்யப்பட்டது.

இனி ஆகஸ்ட் மாதக் கேமரா கணக்கெடுப்பு, அதாவது அசைவு கண்டால் தானே படமெடுக்கும் கேமராக்களை வைத்து ஆண்மான்களை எண்ணுவது. ‘பேட்டரிக்கு இவ்வளவா’ என்ற கேள்வி குழுவில் மூன்று முறை எழுந்ததால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வேட்டை சீசன் தொடங்கிய பிறகு மானைத் தேடிப் போவது, பரீட்சை ஹாலில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டுவது மாதிரி. ஆகஸ்டில் ஆண்மான்களின் கொம்பு வளர்ந்து முடிகிற கட்டத்தில் இருக்கும். மேலே வெல்வெட் தோல் இருந்தாலும் எத்தனை முனை, எவ்வளவு அகலம் என்பது தெளிவாகத் தெரியும். அந்த மாதத்தில் அவை மூன்று நான்காகச் சேர்ந்தே திரியும். செப்டம்பரில் பகல் குறையக் குறைய உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஏறி, வெல்வெட் உரிந்ததும் கூட்டாளிகள் பிரிந்துவிடுவார்கள். சிலது பக்கத்து ரான்ச்சுக்கே இடம் மாறிவிடும். ஆகவே கணக்கெடுக்க ஆகஸ்டைவிட நல்ல மாதம் இல்லை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஏறத்தாழ நூறு நூற்றைம்பது ஏக்கருக்கு ஒரு கேமரா, எதிரில் மக்காச்சோளம், பத்து முதல் பதினான்கு நாள் என்பது இங்கே பல வருடமாகப் பழகிய முறை. நாம் ஐந்து கேமரா வைத்தோம், ஆகஸ்ட் 10 முதல் 23 வரை.

‘வைத்தோம்’ என்று மரியாதைக்குச் சொன்னேன். பணி நாளுக்கு எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்தது நானும் பொருளாளரும். நூறு டிகிரி வெயிலில் ஐம்பது பவுண்டு சோள மூட்டையை யோபான் புதருக்குள் தூக்கிக்கொண்டு போனது அவருக்கும் எனக்கும் எங்கள் முதுகுக்கும்தான் தெரியும். வெயில் லென்ஸில் விழாமல் இருக்க ஐந்தையும் வடக்குப் பார்த்து வைத்தோம். அப்படியும் மூன்றாம் நம்பர் கேமராவில் ஒரே ஒரு கிளை காற்றில் ஆடி ஆடி ஒரு மெமரி கார்டு முழுவதையும் நிரப்பிவிட்டது. பேட்டரி போனது அங்கேதான். தவறு என்னுடையது, கிளையை வெட்டியிருக்க வேண்டும்.

படங்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்து, கொம்பின் அமைப்பை வைத்து ஒன்றையொன்று பிரித்ததில் தனித்தனி ஆண்மான் பதினேழு தேறியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், முன்பக்கப் படம், பக்கவாட்டுப் படம், என் மதிப்பீட்டில் வயது, ஒரு பெயர். இதுதான் நம் ஆல்பம். இதை முழுதாகத் திறந்து பார்த்ததாகச் சொன்னவர்கள் நான்கு பேர்.

கொம்பைப் பார்த்து வயது சொல்லாதீர்கள் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் கண் முதலில் போவது கொம்புக்குத்தான். நல்ல தீனி கிடைத்தால் இரண்டரை வயதுப் பையனும் பத்து முனையோடு நிற்பான். வயதைச் சொல்வது உடம்பு. ஒன்றரை வயது என்றால் நீளக் கால், ஒல்லிக் கழுத்து, பெட்டை மானுக்குக் கொம்பு வைத்தது போல இருக்கும். இரண்டரையிலும் கால்தான் நீளமாகத் தெரியும், இடுப்பு ஒடுங்கியிருக்கும். மூன்றரையில் பந்தயக் குதிரை மாதிரி நெஞ்சு விரியும், ஆனால் கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டலாம். நான்கரை தாண்டினால் அந்தக் கோடு மறைந்து, நெஞ்சு இறங்கிக் கால் குட்டையாகத் தெரியும். அதற்கும் மேலே போனால் ரிட்டையர்டு தாசில்தார்: தொந்தி, தொய்ந்த முதுகு, தாடைக்குக் கீழே தொங்கும் தோல், சலிப்பான பார்வை.

நடையிலும் தெரியும். செப்டம்பர் மூன்றாவது வாரம் தெற்கு ஸ்டாண்டில் (மான் வருவதைப் பார்க்க உட்காரும் இடம்) பைனாகுலரோடு மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஃபீடர் (சோளம் தூவும் இயந்திரம்) சுற்றிச் சோளம் சிதறிய சத்தம் அடங்குவதற்குள் ஆல்பத்தில் ‘பட்டதாரி’ என்று நான் பெயர் வைத்திருக்கும் மான் ஓடி வந்து தின்னத் தொடங்கிவிட்டது. அதற்குப் பின்னால், யோபான் ஓரத்தில், ஒரு காது மட்டும் அசைந்தது. ‘முதலாளி’. கொம்பில் பச்சை மரப்பட்டை ஒட்டியிருந்தது. எங்கேயோ ஒரு மரத்தை உரசிவிட்டு வந்திருக்கிறது. அது இருபத்தைந்து நிமிடம் அங்கேயே நின்றது. காற்று எந்தப் பக்கம் என்று மூக்கைத் தூக்கிப் பார்த்தது. வெளிச்சம் போய் எனக்கு முனைகளை எண்ண முடியாமல் ஆன பிறகுதான் சோளத்துக்கு வந்தது.

சட்டம் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பதிவுக்காக: இந்தக் கவுண்டியில் சுடக்கூடிய ஆண்மானுக்குக் கொம்பின் உள்அகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது ஒரு கொம்பாவது கிளைக்காமல் இருக்க வேண்டும். காதுகளை விறைத்து முன்னே பார்க்கும்போது காது நுனிக்கும் காது நுனிக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அதே 13 அங்குலம். ஆகவே கொம்பு காதுக்கு வெளியே போகிறதா என்று பார்த்தால் போதும். இளசுகளே அதிகம் சுடப்பட்டுக்கொண்டிருந்ததால் 2002இல் இங்கேயும் சுற்றியுள்ள சில கவுண்டிகளிலும் கொண்டுவந்த விதி இது. நம் குழு விதி அதற்கும் ஒரு படி மேலே: நான்கரை வயதுக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது. சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் ஒருமனதாக நிறைவேறியது. கை தூக்காதவர் யாரும் இல்லை.

நவம்பர் 2 அன்று ரைஃபிள் சீசன் தொடங்கியது. நவம்பர் 3 காலை ஏழே முக்காலுக்குப் பட்டதாரி விழுந்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை, அவர் இன்று வரவும் இல்லை. ஒன்பது முனை, உள்அகலம் பதினான்கு அங்குலம், சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. வேட்டை லைசென்ஸோடு வரும் டேக்கை மானில் முறையாகக் கட்டியிருந்தார். ‘பெரிய கிடாண்ணா, கொம்பு காதைத் தாண்டியிருந்துது’ என்றார். தாடை எலும்பை நான் கழுவி வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் கடைவாய்ப்பல்லில் டென்டினின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பகுதி) பழுப்புக்கோடு எனாமலின் வெள்ளையைவிடக் குறுகலாக இருக்கிறது. பல் தேய்வுக் கணக்கில் வயது இரண்டரை. ஆல்பம் பக்கம் 6இல் சிவப்பு எழுத்தில் ‘2026 வரை தொடாதே’ என்று எழுதியிருந்தேன்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொருளாளர் சொல்லிவிடுவார். முதலாளிக்கு ஐந்தரை என்று மதிப்பிட்டு, நானே அனுமதி கொடுத்து, நவம்பர் மத்தியில் மூத்த உறுப்பினர் ஒருவர் அதைச் சுட்டார். தாடை மூன்றரை என்றது. இணைசேரும் பருவத்தில் கழுத்து வீங்குவதால் ஒரு வயது கூடத் தெரிவது சகஜம். பல் தேய்வும் துல்லியமான கணக்கு இல்லை, மண் எப்படி என்பதைப் பொறுத்தது என்று விளக்கினேன். ‘நம்ம மண்ணு மணல்தானே. மணல்ல பல்லு சீக்கிரம் தேயும்ல? அப்படிப் பார்த்தா அது இன்னும் சின்னதா இல்ல இருக்கும்?’ என்று பொருளாளர் கேட்டார். அந்தக் கேள்வி அடுத்த செயற்குழுவுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

அக்டோபரில் ‘லீஸில் மானே இல்லை’ என்று குழுவில் பதினெட்டு மெசேஜ். மான் இருந்தது. ஓக் கொட்டை விழத் தொடங்கினால் ஃபீடர் பக்கம் எட்டிப் பார்க்காது, மரத்தடிக்குப் போய்விடும். வடக்கு ஓடைக்கரையில் ஆண்மான் தரையைச் சுரண்டிய தடமும் மேலே கடித்த கிளையும் இருப்பதைப் படத்தோடு போட்டிருந்தேன். அங்கே போய் உட்கார்ந்தவர் ஒருவர். அவருக்கு மான் கிடைத்தது. காட்டுப்பன்றிகள் கிழக்கு ஃபீடரின் காலை வளைத்துவிட்டன; சரிசெய்யப்பட்டது.

கணக்கு: வரவு செலவைப் பொருளாளர் தணிக்கை செய்திருக்கிறார், திருப்தி. சோளம், பேட்டரி, வாடகை, இன்ஷூரன்ஸ் போகக் கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது. நிலுவை வந்தால் அது கௌரவமான தொகையாக இருக்கும். மூன்று பேர் பாக்கி. அதில் இருவர் சென்ற ஆண்டும் பாக்கி. ‘நான் ஒரு தடவைகூட வரலையே, எதுக்கு முழுப் பணம்’ என்று ஒருவர் கேட்டார். அவர் வரவில்லை என்பதற்காக நில உரிமையாளர் அவர் பங்கு ஏக்கரைக் கழித்துக்கொள்ளவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தலைவர் அவர்களின் வழிகாட்டுதலுக்கும், ஞாயிறு அதிகாலைகளைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தினருக்கும், வாக்-இன் கூலர் கொடுத்து உதவிய பக்கத்து ரான்ச் பெரியவருக்கும், என்னோடு மூட்டை தூக்கிய பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு: செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்றுக்கொள்வதானால் எனக்கு மகிழ்ச்சியே. கார்டுகள் எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தேதி ஒட்டி வைத்திருக்கிறேன், இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராவிட்டால் ஆகஸ்டில் கேமராக்களை மறுபடி நானே வைப்பேன். பணி நாள் ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை ஆறு மணி, கேட் அருகே. தண்ணீர், தொப்பி, முழுக்கால் சட்டை கொண்டுவரவும். இட்லி நான் எடுத்து வருகிறேன்.

கேட்டின் பூட்டு எண் மாற்றப்பட்டுள்ளது. சந்தா கட்டியவர்களுக்குப் புதிய எண் அனுப்பியாயிற்று.

இப்படிக்கு,
செயலாளர்