போதை என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோயாளிகளின் சாப்பாடு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோருமே படித்தோம். களி சாப்பிடலாமா, மாம்பழம் எத்தனை துண்டு என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள், நல்லது. ஆனால் குடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. எங்கள் பக்கம் சர்க்கரை மாத்திரை போடுகிற ஆண்களில் குடிக்கிறவர்களும் நிறைய பேர், அதைப் பேசாமல் விட்டால் எப்படி?

போன மார்கழியில் என் சித்தப்பா சாயங்காலம் கிளிமிபிரைடு என்கிற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கடைக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் படுத்தார். வயிற்றில் ஒரு குவார்ட்டரும் கொஞ்சம் மிக்சரும் தவிர வேறெதுவும் இல்லை. ஒன்பது மணிக்குச் சித்தி எழுப்பினால் நாக்கு குழறுகிறது, நிற்க முடியவில்லை, சித்தியையே யாரென்று தெரியாமல் திட்டுகிறார். போதை ஏறிவிட்டது என்று தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள், தூங்கினால் தெளிந்துவிடும் என்று போர்வையைப் போர்த்தினார்கள். நான் போய்த் தொட்டபோது அந்தக் குளிரிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா இன்சுலின் போடுகிறவர், அவருடைய மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 108 ஆம்புலன்ஸ் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "ஏன் எல்லாரும் நிக்கறீங்க?" என்று கேட்டார். போர்த்திவிட்டுப் படுக்கப் போயிருந்தால் காலையில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மறுநாள் சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த மாத்திரை நீண்ட நேரம் வேலை செய்வதால் சர்க்கரை மறுபடியும் இறங்கலாமாம். டாக்டர் சொன்னது இதுதான்: சாப்பிடாமல் இருக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை தருவது கல்லீரல், சாராயம் உள்ளே போனால் அந்த வேலை தடைபடுகிறது, மாத்திரையோ இன்சுலினோ ஒருபக்கம் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கிறது. இந்த ஆபத்து குடித்த பிறகு 24 மணி நேரம் வரைக்கும்கூட இருக்கும். "குடிச்சா சுகர் குறையுது" என்று சந்தோஷமாகச் சொல்லித் திரிகிறார்களே, அந்தக் குறைவுதான் ஆளை அடிப்பது. மெட்பார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரலாம், அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. கால் மரத்துப்போவதையும் குடி அதிகமாக்கும்.

குழறல், தள்ளாட்டம், கோபம் எல்லாம் போதைக்கும் உண்டு, தாழ்சர்க்கரைக்கும் உண்டு, வெளியே பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சர்க்கரைக்காரர் குடித்துவிட்டு விழுந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே மாத்திரை வருவது எவ்வளவு பெரிய உதவி. ஆனால் மாத்திரை வாங்கும்போது சித்தப்பா குடிப்பதை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, வெட்கப்பட்டு மறைத்தோம். மாத்திரை தருகிற தங்கைகளே "குடிப்பீங்களா?" என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள், கேட்டால் சொல்லிவிடுவோம். எந்த மாத்திரையோடு குடித்தால் என்ன ஆகும் என்று வீட்டுப் பெண்களிடமும் சொல்லுங்கள், ராத்திரியில் பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான். சித்தப்பா இப்போது குடியை விட்டிருக்கிறார், விட்டே இருக்க வேண்டும் என்று சித்தி தினமும் வேண்டிக்கொள்கிறார்.

எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழா வரப்போகிறது. மத்தியானமே குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், கறிச்சோறு இலையில் விழ ராத்திரி பத்து மணி ஆகிவிடும். அதற்கு முன்னால் உங்கள் இதழில் இதை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள் ஐயா, வெட்டி எடுத்து டீக்கடைச் சுவரில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்