லைனர் வெளிர் நிறமா, கடும் நிறமா?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்களும் வீட்டு வளவில் சிறிய நீச்சல் தடாகம் வைத்திருப்பவர்களும் தடாகத்தின் உட்புறத்தை மூடும் பிளாஸ்டிக் விரிப்பான லைனரை மாற்ற வரும்போது, கடும் நீலத்திலோ கரும் சாம்பலிலோ ஒரு படத்தைக் காட்டி அதையே கேட்கிறார்கள். பார்க்க அழகான நிறங்கள்தான். ஆனாலும் திருகோணமலைக்கு நாங்கள் சொல்வது வெளிர் நிறம்.

முதல் காரணம் பிள்ளைகள். நீரில் மூழ்குபவர் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை, கண்ணால் கண்டால்தான் உண்டு. அடியில் ஒரு பிள்ளை அசையாமல் கிடந்தால், வெளிர் நிறத் தடாகத்தில் கரையில் நிற்பவருக்கு உடனே தெரியும். கடும் நிறத்தில், அதுவும் வெயில் தண்ணீரில் பளபளக்கும் மத்தியானத்தில், தெரியாமலே போகலாம். விருந்தினர் பிள்ளைகள் இறங்கும் விடுதிகள் இதை மட்டும் யோசித்தாலே போதும். ஒன்று, வெளிர் நீலத் தடாகத்தில் வெள்ளை, நீல நீச்சலுடை மறைந்துவிடும். செம்மஞ்சள், சிவப்பு நல்லது. படிகளின் ஓரத்தில் கடும் நிறப் பட்டி ஒன்று ஒட்டிவிட்டால் பெரியவர்களும் தடுக்காமல் இறங்குவார்கள்.

அடுத்தது சூடு. கடும் நிறம் வெயிலை உள்வாங்கித் தண்ணீருக்குக் கொடுக்கும். குளிர் நாட்டில் அது லாபம். கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் ஆடி மாதத்தில் இங்கே யாருக்கு வேண்டும்? வெந்நீர் வேண்டுமென்றால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில்தான் இருக்கின்றன. தண்ணீர் சூடேறினால் பாசி வேகமாகப் பிடிக்கும், குளோரின் செலவும் கூடும்.

கடும் நிறத்தில் அழுக்குத் தெரியாது என்பார்கள். சரி, வேப்பஞ் சருகும் மணலும் தெரியாதுதான். ஆனால் பாசி தொடங்குவதும் தெரியாது, கால் வழுக்கும்போதுதான் தெரியும். கிணற்றுநீரின் சுண்ணாம்புப் படிவும் கடும் நிறத்தில் வெள்ளைக் கோடாக நிற்கும். குளோரின் வில்லையை நேரே அடியில் போட்டால் எந்த லைனரும் வெளுக்கும், கடும் நிறத்தில் அந்தப் புள்ளி கண்ணைக் குத்தும். வெளிர் நிறத்துக்கும் குறை உண்டு: இலைக்கறை, இரும்புக்கறை, நீர்மட்டத்தில் படியும் எண்ணெய்க் கோடு எல்லாம் பளிச்சென்று தெரியும். மென்மையான தூரிகையால் வாரம் ஒருமுறை துடைத்தால் பெரிதாகப் படியாது. கம்பித் தும்பு வேண்டவே வேண்டாம்.

மர நிழலில், பெரியவர்கள் மட்டும் இறங்கும், ஆழம் குறைந்த தடாகத்துக்குக் கடும் நிறம் கேட்டால் போட்டுத் தருவோம். ஆனாலும் முதலில் நடுத்தரச் சாம்பலைப் பாருங்கள்.

நிறத்தைக் கையில் உள்ள சிறு துண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கும், அதனால் ஆழம் கூடக் கூட எந்த நிறமும் நீலத்தை நோக்கிப் போகும். வெள்ளை லைனர் வெளிர் நீலமாகத் தெரியும். மணல் நிறம், வெண்மணலுக்கு மேல் நிற்கும் நிலாவெளிக் கடலைப்போல், பச்சை கலந்த நீலமாகத் தெரியும். பலருக்குப் பிடித்துப்போவது இதுதான். கடையில் பெரிய மாதிரித் துண்டுகள் இருக்கின்றன. கொண்டுபோய், உங்கள் தடாகத்திலேயே ஆழமான இடத்தில் கல் வைத்து அமிழ்த்தி, காலையும் மத்தியானமும் பாருங்கள்.

அளவெடுத்து வெட்டிய பிறகு நிறத்தை மாற்ற முடியாது. ஆகவே பார்த்து முடிவு செய்த பின்பே முற்பணம் கட்டுங்கள்.

இங்ஙனம்,
கடையினர், திருகோணமலை