நம்ம படகுக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: பீரோவுல இருக்கற விசிலை மாட்ட விடுங்க

தலைவர் அண்ணனுக்கும் செயலாளர் சாருக்கும் பொருளாளர் அக்காவுக்கும் வணக்கம். பத்து குடும்பம் பங்கு போட்டு வாங்குன, இங்கிலாந்து கால்வாய்ல ஓடுற நம்ம படகுல ஒரு பங்கு எனக்கும் இருக்குங்கிற உரிமையில எழுதுறேன். குரூப்ல போட்டா கட்டைவிரல் தான் வருது, அதான் மடல். விஷயம் உங்களுக்கே தெரியும், ஏப்ரல்ல இருந்து நீங்க பீரோவுல பூட்டி வச்சிருக்கற அந்த பித்தளை ஸ்டீம் விசில். அதை நம்ம படகுல மாட்டணும்னு நான் கேக்குறேன், டீசல் படகுக்கு அது வேஷம்னு நீங்க தள்ளிப் போடுறீங்க.

போன மாசம் வீடன்ங்கிற ஊர் பக்கத்துல எதிர்ல வந்த படகோட இடிச்சதை மினிட்ஸ்ல "சின்ன உரசல்"னு எழுதியிருக்கீங்க. எழுதுனவர் அன்னிக்கு படகுல இல்ல, நான் இருந்தேன். நம்ம படகு 57 அடி, எடை 15 டன்னுக்கு மேல, பிரேக்னு ஒண்ணு கிடையாது, ரிவர்ஸ் போட்டுட்டு சாமி கும்பிடணும். ஓட்டுறவன் நிக்கிறது கடைசியில, அதனால செங்கல் பாலத்துக்கு அந்தப் பக்கம் வளைவு இருந்தா படகோட மூக்கு உள்ள போய் வெளிய எட்டிப் பாத்தப்புறம் தான் எதிர்ல என்ன வருதுன்னு எனக்கே தெரியும். அதுக்குத்தான் வளைவுக்கு முன்னாடி ஒரு நீள ஹாரன் அடிக்கணும்னு கிராண்ட் யூனியன் கால்வாய்ல ஓட்டுற எல்லாருக்கும் சொல்லித் தர்றாங்க. அடிச்சேன். மூக்குல ஹெட்லைட் பக்கத்துல மாட்டியிருக்கற கார் ஹாரன், ஈரத்துல துருப்புடிச்சு, அவ்வளவு நீள ஒயர்ல பாதி வோல்டேஜ் வழியிலயே போய், கொசு கத்துற மாதிரி ஒரு சத்தம். எதிர்ல வந்தவர் காலுக்கு கீழ பழைய லிஸ்டர் டீசல் இன்ஜின் டுக்கு டுக்குன்னு ஓடுது, அவருக்கு எங்க கேக்கும்?

அம்மா உள்ள ரசம் வச்சுட்டு இருந்தாங்க. ஆறு மாச விசாவுல வந்தவங்க, பையன் படகு ஓட்டுறதைப் பாக்கணும்னு ஆசைப்பட்டு ஏறுனவங்க. இடிச்ச வேகத்துல சட்டி அப்படியே முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும். இருபது நிமிஷம் குழாய்த் தண்ணியில கையை வச்சுக்கிட்டு நின்னாங்க, ஒரு வார்த்தை பேசல, மறுநாள் காலையில கட்டுப் போட்ட கையோட தோசை ஊத்துறாங்க, வேணாம்மான்னா கேக்கல. நான் குரூப்ல சொன்னப்போ முதல்ல வந்த கேள்வி "பெயிண்ட் போச்சா?" போச்சுங்க, ஒரு சாண் போச்சு.

அப்பா கோயமுத்தூர்ல மில்லு வேலை பாத்தவர், அம்மாவுக்கு மில்லு சங்கு கேட்டே பழக்கம். "அந்த மாதிரி ஒண்ணு இருந்திருந்தா அந்த ஆளுக்கு கேட்டிருக்கும்ல"ன்னாங்க. இருக்கும்மா, பீரோவுல இருக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

உங்க ஆட்சேபணையை மறுபடி எடுத்துக்கறேன். டீசல் படகுல ஸ்டீம் விசில் வேஷம்ங்கிறீங்க. 1909ல கட்டுன பிரசிடென்ட்னு ஒரு ஸ்டீம் நாரோபோட் (நம்மது மாதிரி ஒல்லியான கால்வாய் படகு) இன்னிக்கும் இருக்கு, ஆனா பாய்லரும் கரியும் இடத்தை அடைச்சா சரக்கு எங்க ஏத்துறதுன்னு அதைக் கட்டுன கம்பெனிக்காரங்களே டீசல் பக்கம் போயிட்டாங்க, அப்போ வேஷம்னு யாரும் அழல. நான் பாய்லரா கேக்குறேன்? காத்து தான். லாரி பிரேக்குக்கு வைக்கிற மாதிரி 20 லிட்டர் டேங்க், சேஃப்டி வால்வோட, இன்ஜின் ரூம்ல பட்டை போட்டு இறுக்கி, 12 வோல்ட் கம்ப்ரஸர் இன்ஜின் ஓடும்போது மட்டும் 8 பார் அழுத்தம் வரைக்கும் காத்தை ஏத்தும், ரெகுலேட்டர் வச்சு குறைச்சு விசிலுக்கு விடுவேன். டேங்க் 8ல இருந்து 3க்கு இறங்குறதுக்குள்ள வெளிக்காத்து அளவுல 100 லிட்டர் காத்து கிடைக்கும், ஒரு நீள ஊதலுக்கு அது போதும், திரும்ப நிரம்ப சில நிமிஷம் ஆகும், அதனால நான் நினைச்சாலும் விடாம ஊத முடியாது, நிம்மதியா இருங்க.

முதல்ல வீட்டுல டயருக்கு காத்தடிக்கிற ஒல்லி டியூப்ல மாட்டிப் பாத்தேன், புஸ்ஸுனு மூச்சு மட்டும் வந்துச்சு. இதுக்கு அழுத்தத்தை விட காத்து நிறைய வேணும். அரை இஞ்ச் பைப்பும் சங்கிலி இழுக்கற வால்வும் போட்டப்புறம் ஊதுச்சு பாருங்க, அடிவயித்துல இருந்து வர்ற சத்தம்! நீராவில ஒலி வேகமா போகும், காத்துல அவ்வளவு வேகம் இல்ல, அதனால அதே விசில் காத்துல சுதி இறங்கிக் கேக்கும். கூரையில கீல் வச்சு மடக்கி வைப்பேன், தாழ்வான பாலத்துல இடிக்காது. அடியில ஒரு குழாய் வச்சு சேர்ற தண்ணியை அப்பப்போ வடிச்சுடலாம். செலவு என்னோடது.

சத்தம் பத்தி: கட்டி நிறுத்துன படகு பக்கத்துல ஊத மாட்டேன், இருட்டுனா ஊத மாட்டேன், பிறந்தநாளுக்கு குழந்தைங்க கேட்டாலும் ஊத மாட்டேன். வளைவு, கால்வாய் போற சுரங்கக் குகையோட வாசல், அவ்வளவு தான். எழுதிக் கையெழுத்து போட்டுத் தரவா?

அஞ்சு மாசமா மூணு மீட்டிங் ஆச்சு. மெத்தை உறை கலருக்கு ஓட்டெடுப்பு நடத்துனீங்க, தீபாவளி டிரிப்புக்கு பிரியாணியா புலாவான்னு ரெண்டே நிமிஷத்துல முடிவாச்சு, விசில் வந்ததும் "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்". நம்மாளுங்க நாலு பேர் சேர்ந்தா முதல்ல ஒரு தலைவர் வேணும், அப்புறம் ஒரு பொன்னாடை, வேலை எல்லாத்துக்கும் கடைசி. செவிடன் காதுல ஊதுன சங்குன்னு சொல்லுவாங்க, இங்க சங்கையே பூட்டி வச்சுட்டீங்களே.

சரி, கோவத்துல கொஞ்சம் கூட எழுதிட்டேன், அக்கா மன்னிச்சுக்கணும், பெயிண்ட் செலவுல என் பங்கை நேத்தே அனுப்பிட்டேன்.

சனிக்கிழமையில இருந்து ஒரு வாரம் படகு என் முறை. போற வழியில பிளிஸ்வொர்த் குகை, கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர் இருட்டு, எதிர்ல படகு வந்தா உள்ளயே ஒதுங்கி வழி விடணும். அம்மாவும் வர்றாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பீரோ சாவியை யார் வீட்டுல வந்து வாங்கிக்கணும்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லுங்க.