கரித்துணிக்கும் ஆகாத துணி

திருப்பூர்,
ஞாயிறு மத்தியானம்.

அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் துணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் நோட்டில் எழுதி, தம்பியிடம் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்து புரியாவிட்டால் அவனிடம் கேட்டுக்கொள்.

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்வெட்டரில் அக்குளிலும் முன்கையிலும் கடுகு கடுகாக உருண்டை. டிசர்ட்டில் பக்கத் தையல் இடுப்பிலிருந்து கிளம்பித் தொப்புளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கழுத்தைச் சுற்றி வருகிற பட்டை, அந்த ரிப், வாயைப் பிளந்துவிட்டது. இரண்டே துவைப்பு என்கிறாய். "நான் துவைத்ததுதான் தப்பாம்மா?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. உன் மேல் தப்பில்லை. அது கடைக்கு வரும்போதே அப்படி ஆகப்போகிற துணியாகத்தான் வந்தது.

முதலில் ஸ்வெட்டர். கம்பளி எனக்குக் கை பழகாத சங்கதி, அது லூதியானாக்காரர்கள் தொழில். நமக்குத் தெரிந்ததெல்லாம் பருத்திதான். ஆனாலும் நீ படம் எடுத்து அனுப்பிய லேபிளைத் தம்பி வாசித்துச் சொன்னான்: அறுபது பங்கு அக்ரிலிக், முப்பது பங்கு பாலியெஸ்டர், மிச்சம் பத்துதான் கம்பளி. கடைப் பலகையில் "கம்பளிக் கலவை" என்று போட்டிருந்ததாகச் சொன்னாய். சாம்பாரில் முருங்கைக்காய் ஒரு துண்டு கிடந்தால் முருங்கைக்காய் சாம்பார் என்பது மாதிரிதான் அதுவும்.

உருண்டை ஏன் வருகிறது தெரியுமா? நூலுக்குள் இருக்கிற குட்டை இழைகள் உரசுகிற இடத்தில் தலையை வெளியே நீட்டும். நீட்டியவை ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டால் உருண்டை. நூலுக்கு முறுக்கைக் குறைத்தால் தொட்டுப் பார்க்க மெத்தென்று இருக்கும், வாங்குகிறவர்கள் மயங்குவார்கள். ஆனால் முறுக்கு குறைந்த நூல் இழையைக் கட்டிப் பிடிக்காது. தனிக் கம்பளியிலும் உருண்டை வரும், ஆனால் அந்த இழை அவ்வளவு உரமில்லை, நாளடைவில் அறுந்து உதிர்ந்துவிடும். அக்ரிலிக், பாலியெஸ்டர் இழைகள் அறுகாது. உருண்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டே இருக்கும். அதைக் கையால் பிடுங்காதே, பிடுங்கினால் உள்ளே இருக்கிற இழையும் சேர்ந்து வெளியே வரும். சின்ன மெஷின் விற்கிறதாமே, அதை வைத்து மேலாகச் சிரைத்துவிடு.

டிசர்ட்டுக்கு வருகிறேன். இதைப் பேச எனக்கு உரிமை உண்டு. 1996-லிருந்து 2017 வரை செக்கிங் டேபிளில் நின்றவள் நான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கம்பெனி கேட்டில் உட்கார்ந்திருப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்போதெல்லாம் ஒன்றரை ஷிப்ட். ஒரு நாளைக்கு 500, 600 பீஸ் என் கையைத் தாண்டிப் போகும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, நூல் பிசிறு, சாய வித்தியாசம். கண்ணில் பட்டதும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஆல்டருக்கு, அதாவது திருத்துவதற்கு, ஒதுக்க வேண்டும். கண்ணை மூடினால்கூட அம்புக்குறிதான் தெரியும்.

பக்கத் தையல் நகர்கிறதே, அது தைத்தவர் கோளாறு இல்லை. டிசர்ட் துணி நிட்டிங் மெஷினில் வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் குழாய் மாதிரிதான் இறங்கும். ஒற்றை நூலுக்கு ஒரு முறுக்கு இருக்கிறது. அந்த முறுக்கு பிரியப் பார்க்கும், பிரியும்போது நூல் கோத்த வளையம், லூப் என்போமே, அது ஒரு பக்கமாகச் சாயும். சாயம் போட்டு முடித்த துணியை நேராக இழுத்து, காய வைத்து, கம்பாக்டிங் மெஷினில் நீராவி கொடுத்து ஒழுங்காக அடக்க வேண்டும். அதற்கு நேரமும் காசும் ஆகும். அவசரத்துக்கு இழுத்த இழுப்பிலேயே காய வைத்து வெட்டித் தைத்தால், பெட்டிக்குள் இருக்கும் வரைக்கும் நேராக இருக்கும். வீட்டில் தண்ணீர் பட்டதும் துணி தான் எப்படி இருந்ததோ அப்படித் திரும்பிப் போய்விடும். நீளம் குறைந்து அகலம் கூடுவதும் இதனால்தான். "சுருங்கிவிட்டது" என்கிறோம். உண்மையில் அது இழுத்து வைத்திருந்த துணி, கையை விட்டதும் பழைய இடத்துக்குப் போகிறது.

அடுத்தது கனம். அப்பா உயிரோடு இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்தான் எழுதியிருப்பார். ராத்திரி ஷிப்ட் நிட்டிங் மெஷினில் நின்றே அவர் பாதி ஆயுசு போனது. "லூப்பைக் கொஞ்சம் தளர்த்து, நூல் நம்பரை ஏற்று, யாருக்கும் தெரியாது" என்று மேலே இருந்து சொல்வார்கள் என்பார். நூலுக்கு நம்பர் ஏற ஏற மெலிசு, அது உனக்குத் தெரியும். 180 கிராம் துணியை 150 கிராமாக இறக்கினால் ஆறில் ஒரு பங்கு நூல் மிச்சம். சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்கிற அந்த ஜி.எஸ்.எம். கணக்குதான். கோம்டு நூலுக்குப் பதில் கார்டட் நூல் போட்டால் அதிலும் மிச்சம். கோம்டு என்றால் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்ட நூல். சீவாத நூலில் அந்தக் குட்டை இழைகள் அப்படியே கிடக்கும், பின்னால் உருண்டையாகக் கிளம்பும். இத்தனையையும் மறைக்க மேலே சிலிக்கான் சாஃப்ட்னர். கடையில் தொட்டால் வெண்ணெய். நாலு துவைப்பில் சாஃப்ட்னர் போனதும் துணியின் சொந்த முகம் தெரியும்.

ஒரு நாள் நடந்ததை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்றிருந்த கோட்டாவை 2005-ல் எடுத்த பிறகு ஆர்டர் நிறைய வந்தது. கூடவே விலையை இறக்கு, இறக்கு என்பதும் வந்தது. அந்தச் சமயத்தில்தான் என்று நினைக்கிறேன். ஒரு வெள்ளை டிசர்ட் லாட். டேபிளில் விரித்தால் அடியில் இருக்கிற என் வளையல் தெரிகிறது. நான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. பேசாமல் ரவுண்டு கட்டரை எடுத்து வந்து ஒரு வட்டம் வெட்டி, சின்னத் தராசில் வைத்தார். 1.38 காட்டியது. அந்த வட்டம் சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதனால் நூறால் பெருக்கினால் 138 கிராம். "பாருங்கக்கா, 140 கேட்டிருக்காங்க, அஞ்சு பர்சென்ட் கூடக் குறைய இருக்கலாம். பையர் அப்ரூவ் பண்ணின துணி. நீங்க ஓட்டை மட்டும் பாருங்க" என்றார்.

நான் ஓட்டை மட்டும் பார்த்தேன். அந்த லாட் முழுக்கப் பார்த்தேன். ஓட்டை அதிகம் இல்லை, நல்லபடியாகவே பாஸ் ஆனது. என் கையில் இருந்த சீட்டில் எத்தனையோ குறைகளுக்குக் கட்டம் இருந்தது. துணி நோஞ்சானாக இருக்கிறது என்று எழுத ஒரு கட்டம் இல்லை. உன் படத்தைப் பார்த்ததிலிருந்து அந்த வளையல்தான் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கோ யாரோ ஒரு பெண் அதையும் இரண்டு துவைப்புத் துவைத்துவிட்டு, "நான் துவைத்ததுதான் தப்பா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டிருப்பாள்.

தைக்கிறவர்களைத் திட்டாதே என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். நம் ஊர் டெய்லர்களுக்கு நல்ல பீஸ் தைக்கத் தெரியாமல் இல்லை. இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல் கேட்டால் பன்னிரண்டு விழும். பீஸ் ரேட்டைக் குறைத்துக்கொண்டே போனால் வண்டி வேகமாக ஓடும், தையல் அகலமாக விழும். தோளில் டேப் வைத்துத் தைக்கிற வேலையை யாரோ கணக்கில் வெட்டிவிட்டால் தோள் தொங்கும். நூறு இடத்தில் ஒவ்வொரு பைசாவாக எடுத்தால் மிஞ்சுவதைத்தான் நீ போட்டுக்கொண்டிருக்கிறாய். 2011-ல் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடினார்களே, அதற்கும் எத்தனையோ வருடம் முன்பிருந்தே நொய்யல் சாயத் தண்ணீராகத்தான் ஓடியது. அந்த ஆற்றையும் சேர்த்துத்தான் விலையில் குறைத்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

உங்கள் கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ஹாயிக் என்று ஓர் ஊர், ஆற்றங்கரையில், ஸ்வெட்டருக்குப் பேர் போனது என்று போன வருடம் போய்வந்து சொன்னாயே. பழைய மில்கள் நிறைய மூடிக் கிடக்கின்றன என்றும் சொன்னாய். அங்கே ஒரு ஸ்வெட்டர் விலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பி வந்தாய். நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், மூன்று வாங்குகிற காசில் ஒன்று வாங்கு என்று. அப்போது நீ அனுப்பிய வாடகைக் கணக்கைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அப்பாவின் வெள்ளைப் பனியன் நினைவிருக்கிறதா? நாலு வருடம் உடம்பில் கிடக்கும். அப்புறம் கிழிந்து, அடுப்பங்கரைக்குக் கரித்துணியாக வரும். அங்கேயும் ஒரு வருடம் உழைக்கும். தம்பி போன தீபாவளிக்கு வாங்கிய டிசர்ட் கழுத்து போய்விட்டதென்று அதையும் கரித்துணிக்கு எடுத்தேன். பாலியெஸ்டர் கலந்த துணி, தண்ணீரே உறிஞ்சவில்லை. மேடை முழுக்க இழுவிக்கொண்டு போகிறது. கரித்துணிக்குக்கூட ஆகாத துணியை மனுஷன் உடம்புக்கு விற்கிறார்கள்.

இனி வாங்கும்போது தொட்டு மட்டும் பார்க்காதே. வெளிச்சத்துக்கு நேராகப் பிடி. கழுத்து ரிப்பை இழுத்து விட்டுப் பார், உடனே கூடி வர வேண்டும். உள்ளங்கையால் ஒரே இடத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேய். பஞ்சு எழும்பினால் அப்படியே மடித்து வைத்துவிட்டு வந்துவிடு. பக்கத் தையல் கடையிலேயே கொஞ்சம் சாய்ந்திருந்தால் வீட்டில் நிச்சயம் ஓடும். இருக்கிற ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல், துண்டின் மேல் படுக்க வைத்துக் காய விடு. கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் முழங்கால் வரை இறங்கும். வெயில் இல்லை என்று டிரையரில் போடாதே.

காதர்பேட்டையில் எனக்குத் தெரிந்த கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய நல்ல கனமான துணி வந்தால் உனக்கு நாலு எடுத்து அனுப்புகிறேன். அளவு அதேதானா, இளைத்துவிட்டாயா என்று எழுது.

அந்த டிசர்ட்டைத் தூக்கி எறிந்துவிடாதே. லேபிளில் இந்தியா என்று மட்டும் போட்டிருக்கிறது, ஊர் தெரியாது. உள்பக்கம் திருப்பி, தோள் தையலும் கீழ் மடிப்பும் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. என் டேபிளுக்கு வந்திருந்தால் பாஸ் பண்ணியிருப்பேனா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா